எத்தனை வீடு கட்டுவீங்கன்னு தெரியும், எத்தனை பேர் திரும்பி வருவாங்க? – அரசு குடியிருப்புகளை இடிச்சு கட்டுற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வீட்டு வசதித் துறை அதிகாரிகளுக்கும், நகரத் திட்டம் போடுறவங்களுக்கும், இந்த ஃபைல்ல கையெழுத்து போடப்போற எல்லாருக்கும்,

வணக்கம். நீங்க எந்த ஊர்ல, எந்த சீட்ல உக்காந்திருக்கீங்கன்னு எனக்கு தெரியாது. ஆனா உங்க டேபிள்ல இருக்குற ஃபைல் எப்படி இருக்கும்னு நல்லாவே தெரியும். 50 வருஷத்துக்கு முன்னாடி அரசு கட்டின அடுக்குமாடி, கான்க்ரீட் பேந்து கம்பி வெளிய தெரியுது, லிஃப்ட் பாதி நாள் ஓடாது, பைப் லைன் எல்லாம் போச்சு, ரிப்பேர் பண்றதை விட இடிச்சிட்டு புதுசா கட்டுறதுதான் சிக்கனம்னு ஒரு கன்சல்டன்ட் ரிப்போர்ட், அதுக்கு பின்னாடி கலர் கலரா படம், படத்துல மரம், சைக்கிள் ஓட்டுற குழந்தை, காபி கப்போட நடந்து போற ரெண்டு பேர். கடைசி பக்கத்துல பெரிய எழுத்துல மொத்தம் எத்தனை வீடு வரப்போகுதுன்னு ஒரு நம்பர். பழசை விட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு.

அந்த நம்பர்ல எனக்கு சந்தேகமே இல்ல, கட்டிடுவீங்க. நான் கேக்குறது வேற நம்பர். இன்னைக்கு அந்த ப்ளாக்ல இருக்குற குடும்பத்துல எத்தனை குடும்பம், இதே வாடகைல, இதே இடத்துல, புது வீட்டுக்கு திரும்பி வரும்? எந்த வருஷம் வரும்? நான் படிச்ச அறிவிப்புகள்ல பெரும்பாலும் இது இருக்கவே இருக்காது, இருந்தாலும் "முடிஞ்ச வரைக்கும்", "தகுதி உள்ளவங்களுக்கு"ன்னு நழுவுற மாதிரி ஒரு வரி இருக்கும். இந்த மடல் முழுக்க அந்த ஒரு வரியை பத்திதான்.

முதல்லயே சொல்லிடறேன், இடிக்கவே கூடாதுன்னு கொடி பிடிக்கிற ஆள் இல்ல நான். நான் வளர்ந்ததும் இப்படி ஒரு அரசு ப்ளாக்லதான். மழை நின்னு ரெண்டு நாள் ஆனாலும் மேல் வீட்டு பாத்ரூம் தண்ணி எங்க வீட்டு சுவத்துல இறங்கிக்கிட்டே இருக்கும், பீரோவை சுவத்துலேர்ந்து ஒரு அடி தள்ளித்தான் வெச்சிருப்போம், இல்லன்னா துணியெல்லாம் பூஞ்சை பிடிச்சுடும். அதனால பழைய கட்டிடத்து மேல எனக்கு பெரிய காதல் எல்லாம் கிடையாது. சில கட்டிடம் உண்மையிலேயே ஆபத்து. லண்டன்ல ரோனன் பாயின்ட்னு 22 மாடி டவர், ஆள் குடிவந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு, 1968 மே மாசம் 18வது மாடில ஒரு அம்மா அடுப்பு பத்த வெக்க கேஸ் வெடிச்சு ஒரு மூலையே மேலேர்ந்து கீழ வரைக்கும் சரிஞ்சு 4 பேர் செத்தாங்க. ஃபேக்டரில செஞ்ச கான்க்ரீட் பலகைகளை அடுக்கி கட்டின கட்டிடம், இணைப்பு சரியில்ல. அந்த மாதிரி இடத்துல இருங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

ஆனா பாதி கேஸ்ல கட்டிடம் தானா கெட்டுப்போறதில்ல, கெட்டுப்போக விடுறாங்க. இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல இருந்த ப்ரூட்-ஐகோ. 33 ப்ளாக், ஒவ்வொண்ணும் 11 மாடி, மொத்தம் 2,870 வீடு, 1950கள் நடுவுல கட்டி முடிச்சாங்க, 1972ல வெடி வெச்சு தகர்க்க ஆரம்பிச்சு 1976க்குள்ள தரைமட்டம். அது டிசைன் தப்பு, ஏழைங்களை அடுக்குமாடில வெச்சா இப்படித்தான் ஆகும்னு அந்த வெடி வெச்ச வீடியோவை போட்டு காட்டி ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்தாச்சு. அதுல சொல்லாம விட்டது என்னன்னா, கட்டுறதுக்கு மத்திய அரசு பணம் குடுத்துச்சு, பராமரிக்கிறதுக்கு குடியிருக்கிறவங்க கட்டுற வாடகைலேர்ந்துதான் எடுக்கணும். வேலை இருந்தவங்க ஊரை விட்டு போகப்போக வீடு காலியாச்சு, வீடு காலியானா வாடகை வரவு குறையும், வரவு குறைஞ்சா லிஃப்ட் ரிப்பேர் நிக்கும், லிஃப்ட் நின்னா இன்னும் நாலு பேர் காலி பண்ணுவாங்க, அப்புறம் இருக்கிறவங்க தலைல வாடகையை ஏத்துறது, 1969ல அந்த ஊர் அரசு வீட்டு வாடகைதாரர்கள் 9 மாசம் வாடகை கட்டாம ஸ்ட்ரைக் பண்ற அளவுக்கு போச்சு. இதுல ஆர்க்கிடெக்டை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

இன்னைக்கும் அதே கதைதான். நியூயார்க் ஹவுசிங் அத்தாரிட்டி 2023ல அவங்களே போட்ட கணக்குப்படி, 20 வருஷத்துக்கு தேவைப்படுற ரிப்பேர் செலவு சுமார் 78 பில்லியன் டாலர். அவ்வளவு ரிப்பேர் ஒரே ராத்திரில சேர்ந்துடல. வருஷா வருஷம் பட்ஜெட்ல வெட்டி வெட்டி சேர்ந்தது. ரிப்பேர் பண்ணாம விட்டதும் அரசுதான், பின்னாடி "இது வாழ தகுதி இல்லாத கட்டிடம்"னு சர்டிஃபிகேட் குடுக்கிறதும் அரசுதான். அந்த சர்டிஃபிகேட் ஃபைல்ல ஏறுறதுக்கு முன்னாடி, கடைசி 20 வருஷத்துல அந்த ப்ளாக் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க, எவ்வளவு செலவு பண்ணீங்கன்னு ஒரு பக்கம் சேர்த்து வெக்க முடியுமா?

இப்போ காலி பண்ற கட்டத்துக்கு வரேன். இதுதான் யாருமே எழுதாத கட்டம், ஏன்னா இதுக்கு போட்டோ எடுக்க ஒண்ணும் இருக்காது. அறிவிப்பு வந்த அன்னைலேர்ந்து புல்டோசர் வர்ற வரைக்கும் நடுவுல 5 வருஷம், 8 வருஷம், சில இடத்துல அதுக்கும் மேல. முதல்ல காலியாகுற வீட்டை வேற யாருக்கும் அலாட் பண்றதை நிறுத்துவீங்க. கதவுக்கு இரும்புத் தகடு அடிப்பீங்க. ஒரு மாடில 8 வீடுன்னா 5 வீட்டுக்கு தகடு, 3 வீட்டுல ஆள். பூட்டின வீட்டுக்குள்ள குழாய் உடைஞ்சா கீழ் வீட்டுல ஒழுகும், சாவி யார்கிட்ட இருக்குன்னே தெரியாது, கம்ப்ளெய்ன்ட் குடுத்தா "எப்படியும் இடிக்கப்போறதுதானே"ன்னு பதில் வரும். படிக்கட்டு லைட் போனா போனதுதான். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்ற பொண்ணு தகடு அடிச்ச கதவுங்க வழியா இருட்டுல நாலு மாடி ஏறணும். எதிர் வீட்டு அக்காகிட்ட ஸ்பேர் சாவி குடுத்து வெச்சிருந்த தனியா இருக்குற பாட்டிக்கு அந்த அக்காவும் போயாச்சு, இனிமே விழுந்து கிடந்தாலும் யார் கதவைத் திறக்கிறது? இதெல்லாம் தாங்க முடியாம "சரி எங்கயோ ஒண்ணு குடுங்க, போறோம்"னு கையெழுத்து போட்டா, அதை நீங்க உங்க ரிப்போர்ட்ல விருப்பப்பட்டு இடம் மாறினாங்கன்னு எழுதுறீங்க.

லண்டன் எலிஃபன்ட் அண்ட் காசில் ஏரியாவுல ஹேகேட் எஸ்டேட்னு ஒரு அரசு குடியிருப்பு, 1974ல கட்டி முடிச்சது, ஆயிரத்துக்கு மேல வீடு. 2008 வாக்குல காலி பண்ண ஆரம்பிச்சு கடைசி ஆள் வெளியேறினது 2013 நவம்பர். இப்போ அங்க 2,500 பக்கம் புது வீடு, பார்க், கடை, எல்லாம் பார்க்க பளபளன்னு இருக்கு. அதுல பழைய மாதிரி குறைஞ்ச வாடகைக்கு விடுற வீடு எத்தனைன்னு கேட்டா 82. ஆயிரத்து சொச்சத்துக்கு பதில் 82. நிலத்தை கவுன்சில் (அந்த ஏரியா உள்ளாட்சி) 50 மில்லியன் பவுண்டுக்கு டெவலப்பருக்கு குடுத்துச்சு, அங்க இருந்தவங்களை காலி பண்றதுக்கு மட்டும் 44 மில்லியன் செலவாயிடுச்சுன்னு பின்னாடி வெளிய வந்துச்சு. கூட்டி கழிச்சு பாருங்க. ஜனங்களையும் விரட்டி, கஜானாவுக்கும் பெருசா எதுவும் வராம, இப்படி ஒரு வியாபாரத்தை யாராவது சொந்தக் காசுல பண்ணுவாங்களா?

ஏன் இப்படி ஆகுதுன்னா, பேராசை பிடிச்ச டெவலப்பர்னு ஒரே வார்த்தைல முடிச்சிடலாம், ஆனா அது முழு உண்மை இல்ல. கட்டுறதுக்கு அரசு கைல காசு இல்ல, அல்லது குடுக்க மனசில்ல. அதனால நிலத்துல பாதிக்கு மேல தனியார் ஃப்ளாட்டா கட்டி வித்து, அந்த லாபத்துல மிச்ச இடத்துல அரசு வீடு கட்டுறதுன்னு ஃபார்முலா. அப்போ மார்க்கெட் நல்லா இருந்தா அரசு வீடு வரும், மார்க்கெட் படுத்தா முதல்ல வெட்டு விழுறது எதுல? டெண்டர் எடுத்தப்போ அரசு வீடு 35 சதவீதம்னு சொன்னது, நடுவுல "செலவு கூடிப்போச்சு, கட்டுப்படியாகல"ன்னு ஒரு கணக்கு காட்டி 25 ஆகும், 15 ஆகும். அந்த கணக்கைக் காட்டுங்கன்னா அது வியாபார ரகசியம்பாங்க. பொது நிலத்துல என்ன ரகசியம் சார்?

வாடகையும் சத்தமில்லாம மாறும். இங்கிலாந்துல 2011ல ஒரு புது வகை வாடகை கொண்டு வந்தாங்க, மார்க்கெட் வாடகைல 80 சதவீதம் வரைக்கும் வாங்கிக்கலாம். அதுவும் குறைஞ்ச வாடகை வீடுங்கிற கணக்குலயே சேரும். ஊர் நடுவுல இருக்குற ஏரியாவுல மார்க்கெட் வாடகைல 80 சதவீதம்னா துப்புரவு வேலைக்கு போறவங்களோ, ஆஸ்பத்திரில வார்டு பாக்குறவங்களோ கட்ட முடியுமா? ரிப்போர்ட்ல மட்டும் வீட்டுக்கு வீடு சரியா இருக்கும்.

அமெரிக்காவுல இதை சட்டத்துலயே பண்ணிட்டாங்க. ஒரு அரசு வீட்டை இடிச்சா ஒரு அரசு வீடு கட்டியே ஆகணும்னு அங்க விதி இருந்துச்சு. 1990கள்ல ஹோப் சிக்ஸ்னு திட்டம் வந்து நாடு முழுக்க இடிக்க ஆரம்பிச்சப்போ அந்த விதி இடைஞ்சலா இருக்குன்னு முதல்ல நிறுத்தி வெச்சாங்க, 1998ல எடுத்தே விட்டாங்க. சிகாகோல 2000ல ஒரு மாபெரும் திட்டம், 25,000 வீடு புதுசாவோ புதுப்பிச்சோ 10 வருஷத்துல முடிச்சிடுவோம்னு சொன்னாங்க. அங்க காப்ரினி-க்ரீன்ங்கிற அரசு குடியிருப்புல கடைசி டவரை 2011ல இடிச்சாங்க, அதாவது இடிக்கிறதுக்கே அந்த 10 வருஷம் பத்தல, கட்டுறது எங்க? பழைய குடியிருப்பு இருந்த நிலம் பல வருஷம் புல் முளைச்சு கிடந்துச்சு. ஏபிஎல்ஏ ஹோம்ஸ்ங்கிற இன்னொரு குடியிருப்பு இருந்த நிலத்துல 20 ஏக்கருக்கு மேல ஒரு ஃபுட்பால் டீமோட ப்ராக்டிஸ் கிரவுண்டுக்கு குத்தகைக்கு விட்டாச்சு. திரும்பி வருவோம்னு காத்திருந்தவங்க அந்த வேலிக்கு வெளிய நின்னு பந்து விளையாடுறதை பாக்கலாம்.

யாரை எண்ணுறீங்கங்கிறதுலயும் கொஞ்சம் நிக்கணும். சர்வே எடுக்க பகல் 11 மணிக்கு வருவாங்க. கூலி வேலைக்கு போனவங்க வீடு பூட்டியிருக்கும், "ஆள் இல்லை"ன்னு டிக் அடிச்சிட்டு போயிடுவாங்க. அலாட்மென்ட் தாத்தா பேர்ல இருக்கும், தாத்தா போய் சேர்ந்து பல வருஷமாச்சு, பேர் மாத்த அலைஞ்சு அலைஞ்சு விட்டுட்டாங்க, இப்போ அந்த குடும்பமே உங்க லிஸ்ட்ல கிடையாது. ஒரே வீட்டுக்குள்ள ஸ்க்ரீன் தொங்கவிட்டு அப்பா அம்மா ஒரு பக்கம், கல்யாணம் ஆன பையன் குடும்பம் ஒரு பக்கம் இருப்பாங்க, உங்க கணக்குல அது ஒரு குடும்பம், ஒரு வீடு. உள்வாடகைக்கு இருக்கிறவங்களை பத்தி பேசவே வேணாம், அவங்க நோட்டீஸ் ஒட்டுற அன்னைக்கே ராத்திரியோட ராத்திரியா கிளம்பிடுவாங்க. கீழ கடை வெச்சிருக்கிறவங்க, மாடிப்படிக்கு கீழ துணி தேய்க்கிறவங்க, வேலைக்கு போற அம்மாக்களோட குழந்தைங்களை பாத்துக்கிற ஆயா, இவங்க வாடிக்கையெல்லாம் அந்த நாலு ப்ளாக்குக்குள்ளதான், ஒவ்வொரு குடும்பத்தையும் ஒவ்வொரு மூலைக்கு அனுப்பினா இவங்க பிழைப்பை எந்த நஷ்ட ஈட்டுல சேர்ப்பீங்க?

வீட்டை காசு குடுத்து சொந்தமா வாங்கினவங்க நிலைமையும் ஒண்ணும் பெருசா இல்ல. லண்டன்ல அய்ல்ஸ்பரி எஸ்டேட், 2,700 வீடு பக்கம், 1997ல டோனி ப்ளேர் பிரதமரானதும் முதல் முக்கியமான பேச்சை அங்க போய்தான் பேசினார், இனிமே மறக்கப்பட்ட ஜனங்கன்னு யாரும் இருக்க மாட்டாங்கன்னு. 2001ல எஸ்டேட்டை கவுன்சில் கைலேர்ந்து மாத்தி குடுக்கிறதை பத்தி ஓட்டு வெச்சப்போ 73 சதவீதம் பேர் வேணாம்னு சொன்னாங்க. அப்படியும் இடிக்கிற வேலை வேற ரூபத்துல வந்துச்சு. அங்க ஃப்ளாட் வாங்கியிருந்தவங்களுக்கு குடுத்த நஷ்ட ஈட்டுல அதே ஏரியாவுல ஒரு வீடு வாங்க முடியாதுன்னு அவங்க சண்டை போட்டு, 2016ல அமைச்சரே வந்து கட்டாயமா கையகப்படுத்த அனுமதி தர முடியாது, இது அவங்க குடும்ப வாழ்க்கை உரிமையை பாதிக்குதுன்னு நிறுத்தி வெச்சார். ரெண்டு வருஷம் கழிச்சு அனுமதி கிடைச்சிடுச்சுங்கிறது வேற விஷயம். ஆனா மார்க்கெட் விலை குடுத்தாச்சு, கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்க அந்த 2016 உத்தரவை ஒரு தடவை படிக்கணும். இடியப்போற கட்டிடத்துல இருக்குற ஃப்ளாட்டுக்கு மார்க்கெட் விலை என்ன, அடிமாட்டு விலைதானே.

இதுக்கு நீங்க சொல்லக்கூடிய நல்ல பதில் ஒண்ணு இருக்கு, அதை நானே சொல்லிடறேன், மறைச்சு பேசுறதுல அர்த்தம் இல்ல. ஏழைங்களை எல்லாம் ஒரே இடத்துல குவிச்சு வெச்சா அந்த பிள்ளைங்களுக்கு முன்னேற வழியில்ல, கலந்து வாழ விட்டா நல்லதுன்னு சொல்வீங்க. அதுக்கு ஆதாரமும் இருக்கு. 1990கள்ல சிகாகோல ப்ளாக்கை இடிச்சப்போ வாடகை உதவி வவுச்சர் வாங்கிட்டு வேற ஏரியாவுக்கு போன குடும்பத்து பிள்ளைங்களை, பக்கத்துல இடிக்காம விட்ட ப்ளாக் பிள்ளைங்களோட ஒப்பிட்டு எரிக் சின்னுங்கிற பொருளாதார ஆய்வாளர் 2018ல வெளியிட்டார். போன பிள்ளைங்க பெரியவங்களானப்போ வேலைல இருக்கிற வாய்ப்பு 9 சதவீதம் கூட, சம்பளம் 16 சதவீதம் கூட. சின்ன விஷயம் இல்ல இது, ஒத்துக்கிறேன். ஆனா அந்த பிள்ளைங்களுக்கு உதவினது இடிபாடு இல்ல, கைல குடுத்த வவுச்சரும் போய் சேர்ந்த நல்ல ஏரியாவும். நீங்க உங்க குடியிருப்புக்காரங்களை அனுப்புறது எங்க? பஸ் வராத, ஸ்கூல் இல்லாத, ஊர் எல்லைல அதே மாதிரி ஏழைங்களையே குவிச்சு வெச்ச இன்னொரு ப்ளாக்குக்குத்தானே. அந்த ஆய்வை காட்டி இதை நியாயப்படுத்த முடியாது. போக விரும்புறவங்களுக்கு வவுச்சர் குடுங்க, நல்ல இடத்துக்கு போகட்டும், இருக்க விரும்புறவங்களுக்கு வீடு குடுங்க. முடிவு அவங்களோடதா இருக்கணும்.

கலந்து வாழுறதுன்னு சொல்லி கட்டின இடங்கள்லயும் நடக்கிறதை பாருங்க. பணம் குடுத்து வாங்கினவங்களுக்கு ஒரு வாசல், லாபி, சோஃபா, குறைஞ்ச வாடகைக்காரங்களுக்கு பின் பக்கம் குப்பைத் தொட்டி ஓரமா வேற வாசல். 2019ல லண்டன் லாம்பெத்ல ஒரு புது குடியிருப்புல குறைஞ்ச வாடகை வீட்டு பிள்ளைங்க நடுவுல இருக்கிற விளையாட்டு இடத்துக்குள்ள போக முடியாதபடி வேலிச்செடி வெச்சிருந்தது பேப்பர்ல வந்து நாறிடுச்சு, அப்புறம்தான் திறந்தாங்க. ஜன்னல் வழியா ஃப்ரெண்ட்ஸ் விளையாடுறதை பாத்துக்கிட்டு ஒரு அஞ்சு வயசு குழந்தை "நான் ஏன் போகக்கூடாது"ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க, டெவலப்மென்ட் அக்ரிமென்ட்ல அப்படி இருக்குன்னா?

இன்னொரு விஷயம் அந்த ப்ளாக்கையும் தாண்டி ஊர் முழுக்க பாதிக்கிறது. ஒரு குடியிருப்பை காலி பண்ணும்போது அங்க இருக்கிற 500 குடும்பத்தை வேற அரசு வீடுங்களுக்கு முன்னுரிமை குடுத்து அனுப்புறீங்கன்னு வெச்சுக்குவோம். அந்த 500 வீடு யாருக்கு போக வேண்டியது? பல வருஷமா வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கிறவங்களுக்கு. அவங்க அத்தனை பேரும் ஒரே அடியா பின்னாடி தள்ளப்படுறாங்க, ஆனா அவங்களுக்கு அது ஏன்னே தெரியாது, எந்த போராட்டத்துலயும் அவங்க பேர் வராது. புது கட்டிடம் முடியுற வரைக்கும் ஊர்ல மொத்தமா 500 அரசு வீடு கம்மி. முடிஞ்சப்புறம் 200 தான் திரும்ப கட்டினீங்கன்னா 300 நிரந்தரமா கம்மி. காலியானவங்க பக்கத்துல தனியார் வாடகைக்கு தேடுவாங்க, அங்க வாடகை ஏறும், அந்த குடியிருப்போட சம்பந்தமே இல்லாதவங்களும் கூட குடுப்பாங்க. ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல 44 அரசு டவரையும் 2051க்குள்ள இடிச்சு கட்டுறோம்னு 2023ல அறிவிச்சாங்க, அப்போ 10,000 பேர் பக்கம் இருந்த இடத்துல 30,000 பேர் வருவாங்களாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்த அறிவிப்பு வந்தப்போ 60 வயசுல இருந்த ஒருத்தருக்கு 2051ல 88 ஆகும், அவங்ககிட்ட போய் எதிர்காலத்தை பத்தி என்ன பேசுறது?

இந்த குடியிருப்புகளை கட்டினப்போ அந்த நிலம் யாருக்கும் வேண்டாத நிலம். ஊர் வளர்ந்து, ரயில் வந்து, ஆபீஸ் வந்து இப்போ அது தங்கம் ஆயிடுச்சு. குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு நீங்க குடுத்த பெரிய உதவி சுவரும் கூரையும் மட்டும் இல்ல, வேலைக்கு நடந்து போற தூரம், பிள்ளையை பாதி வழில விட்டுட்டு போற ஸ்கூல், அவசரத்துக்கு ஓடுற ஆஸ்பத்திரி. 25 கிலோமீட்டர் தள்ளி ரெண்டு அறை பெருசா குடுத்தாலும் அதுல பாதிப் பேரு வேலையை விட்டுடுவாங்க, முக்கியமா ரெண்டு மூணு வீட்டுல வேலை செஞ்சு மதியம் வந்து சமைச்சிட்டு திரும்ப போற பொம்பளைங்க. ஏற்கனவே வசதி இருக்கிறவங்களுக்கு ஊர் நடுவுல இடம், இல்லாதவங்களுக்கு ஊர் ஓரம்னு சொந்தக் கையால பிரிச்சு வெச்சிட்டு அதுக்கு புதுப்பிப்புன்னு பேர் வெக்காதீங்க.

நல்லா பண்ண முடியாதான்னா, முடியும். சிங்கப்பூர்ல 1995லேர்ந்து செர்ஸ்னு ஒரு திட்டம், பழைய எச்டிபி (அங்க அரசு வீட்டு வசதி வாரியம்) ப்ளாக்கை இடிக்கணும்னா முதல்ல பக்கத்துலயே புது ப்ளாக் கட்டிட்டு, எல்லாருக்கும் ஒண்ணா அங்க புது 99 வருஷ லீஸ்ல வீடு எடுக்க வழி குடுத்துட்டு, அப்புறம்தான் பழசை இடிக்கிறாங்க. ஒரே தடவை மாறினா போதும், பக்கத்து வீட்டுக்காரங்களும் கூடவே வராங்க. அதுலயும் சிக்கல் இல்லாம இல்ல, 2022ல ஆங் மோ கியோல 606 வீட்டுக்கு அறிவிச்சப்போ, அதே அளவு புது வீடு எடுக்கணும்னா கைக்காசு சேர்த்து போடணும்னு தெரிஞ்சு வயசானவங்க ரொம்ப கொந்தளிச்சாங்க. கொஞ்ச மாசத்துல 50 வருஷ லீஸ்ல விலை குறைவா எடுத்துக்கலாம்னு ஒரு வழி கொண்டு வந்தாங்க. அங்க வீடு பெரும்பாலும் சொந்தம், வாடகை குடியிருப்புக்கு அப்படியே பொருந்தாதுதான், அரசுகிட்ட நிலமும் பணமும் இருக்குதான். ஆனா முதல்ல கட்டு, அப்புறம் மாத்து, கடைசில இடிங்கிற வரிசை எந்த ஊருக்கும் பொருந்தும்.

டொரொன்டோல ரீஜென்ட் பார்க்னு 2,083 அரசு வீடு இருந்த இடத்தை 2005லேர்ந்து கட்டம் கட்டமா இடிச்சு கட்டுறாங்க, திரும்பி வர்ற உரிமையை எழுத்துலயே குடுத்தாங்க, இடிச்ச அளவுக்கு திரும்ப கட்டணும்னும் வெச்சாங்க. அதுலயும் ஒரு பங்கு வீடு ஏரியாவுக்கு வெளிய போச்சு, காத்திருந்து காத்திருந்து வேற இடத்துலயே தங்கிட்டவங்களும் உண்டு. ஆனாலும் கைல ஒரு பேப்பர் இருந்துச்சு, அதை காட்டி கேக்க முடிஞ்சுது. லண்டன்லயும் இவ்வளவு அடி வாங்கினப்புறம் 2018லேர்ந்து, மேயர் நிதி வாங்கி 150 வீட்டுக்கு மேல கட்டுற திட்டத்துல அரசு வீட்டை இடிக்கணும்னா அங்க இருக்கிறவங்ககிட்ட ஓட்டு எடுத்தே ஆகணும்னு விதி வந்துடுச்சு.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஃப்ரான்ஸ்ல போர்தோல நடந்தது. கிராண்ட் பார்க்னு 1960கள்ல கட்டின குடியிருப்புல 3 ப்ளாக், 530 வீடு. லக்காத்தோன், வஸ்ஸால்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட்டுங்க வேற ரெண்டு பேரோட சேர்ந்து, கட்டிடத்தை இடிச்சு தள்ளாம, கட்டிடத்துக்கு வெளிய கிட்டத்தட்ட 4 மீட்டர் ஆழத்துக்கு கண்ணாடி போட்ட பெரிய பால்கனியை தனி அடுக்கா நிறுத்தி ஒட்ட வெச்சாங்க. சின்ன ஜன்னலை எடுத்துட்டு தரை வரைக்கும் கதவு, புது லிஃப்ட், புது பாத்ரூம். ஒரு வீட்டுக்கு வேலை 2 வாரம் பக்கம்தான், ஜனங்க வீட்டை விட்டு போகவே இல்ல, உள்ளயே இருந்தாங்க. வாடகையும் ஏறல. 2019ல ஐரோப்பாவோட பெரிய கட்டடக்கலை விருது அதுக்கு கிடைச்சுது, 2021ல லக்காத்தோன், வஸ்ஸால் ரெண்டு பேருக்கும் கட்டடக்கலைல உலக அளவுல பெரிய பரிசான பிரிட்ஸ்கர். இடிச்சு கட்டுறதை விட செலவும் கம்மி. ஒவ்வொரு கட்டிடத்துக்கும் இது ஒத்து வராது, கம்பி துருப்பிடிச்சு தூணே போனா ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா உங்க கன்சல்டன்ட் இந்த வழியை ஒரு பக்கமாவது கணக்கு போட்டு பார்த்தாரா?

அதே சமயம் புதுப்பிக்கிறேன்னு சொல்லி ஏனோதானோன்னு பண்ணா என்ன ஆகும்ங்கிறதுக்கு க்ரென்ஃபெல் டவர் இருக்கு. 2016ல புதுப்பிச்சு முடிச்சாங்க, வெளிய ஒட்டின தகட்டை சுமார் 3 லட்சம் பவுண்ட் மிச்சம் பண்றதுக்காக மலிவா மாத்தினாங்க, 2017 ஜூன் 14 ராத்திரி தீப்பிடிச்சு 72 பேர் செத்தாங்க. அங்க இருந்தவங்க ஆபத்து இருக்குன்னு முன்னாடியே எழுத்துல எழுதி எச்சரிச்சிருந்தாங்க, யாரும் காது குடுக்கல. லண்டன்லயே பணக்கார ஏரியாங்கள்ல ஒண்ணுல நடந்தது இது. இடிக்கிறதோ ஒட்டுறதோ, குடியிருக்கிறவங்க பேச்சை குறிப்பேட்டுல எழுதிட்டு மூடி வெக்கிற பழக்கம் மாறலன்னா எதுவும் மாறாது.

அதனால என் கோரிக்கை ரொம்ப பெருசு இல்ல. முதல் குடும்பம் சாமான் ஏத்துறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு குடும்பத்து கைலயும் அவங்க மொழியில ஒரு ஒப்பந்தம் இருக்கணும், அதுல வீட்டு அளவு, வாடகை, திரும்பி வர்ற தேதி, தேதி தள்ளிப்போனா மாசத்துக்கு எவ்வளவு தருவீங்கங்கிறது, எல்லாம் கோர்ட்ல செல்லுபடியாகுற மாதிரி. ஸ்க்ரீன் தொங்குற வீட்டுல ரெண்டு குடும்பம்னு எண்ணுங்க, சர்வேக்கு ராத்திரி எட்டு மணிக்கு வாங்க, ஞாயித்துக்கிழமை வாங்க. பக்கத்துல ஒரு காலி மனையாவது இருந்தா முதல் ப்ளாக்கை அங்க கட்டி ஆரம்பிங்க, ஒரே மாற்றத்துல முடியட்டும். இடிக்கிற எண்ணிக்கைக்கு குறையாம அதே வாடகைல அரசு வீடு, அதே இடத்துல, மார்க்கெட் படுத்தாலும் சரி, இதை டெண்டர்லயே மாத்த முடியாத ஷரத்தா போடுங்க. நிலத்தை விக்காதீங்க, வேணும்னா குத்தகைக்கு விடுங்க, 60 வருஷம் கழிச்சு உங்க இடத்துல இருக்கப்போற அதிகாரிக்கு அந்த நிலம் தேவைப்படும். காலியாகிட்டு வர்ற ப்ளாக்ல கடைசி குடும்பம் போற வரைக்கும் லைட்டும் லிஃப்டும் தண்ணியும் நிக்கக்கூடாது.

அப்புறம் அந்த கணக்கு. எத்தனை குடும்பம் போச்சு, எங்க போச்சு, எத்தனை திரும்பி வந்துச்சுன்னு வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிடுங்க, கட்டி முடிச்சு 5 வருஷம் வரைக்கும். எத்தனை டன் சிமென்ட் போச்சுன்னு உங்ககிட்ட கணக்கு இருக்கு, எத்தனை லோடு இடிபாடு வெளிய போச்சுன்னு லாரி நம்பரோட கணக்கு இருக்கு, ஆளுங்க கணக்கு மட்டும் ஏன் இருக்காது?

இதுக்கெல்லாம் சட்டத்துல இடமில்ல, பட்ஜெட்ல இடமில்லன்னு பதில் வரலாம். வரட்டும், எழுத்துல வரட்டும், எந்த சட்டத்துல எந்த பிரிவு தடுக்குதுன்னு சொல்லுங்க, அதை மாத்தச் சொல்லி வேற யாருக்கு எழுதணுமோ அவங்களுக்கு எழுதிக்கிறோம். அடுத்த கருத்துக் கேட்பு கூட்டத்துக்கு அந்த கலர் படத்தோட சேர்த்து இந்த கணக்கையும் கொண்டு வாங்க, கூட்டத்தை வேலை நேரத்துல வெக்காதீங்க.

இப்படிக்கு,
அரசு ப்ளாக்ல வளர்ந்த, இன்னும் அங்கயே சொந்தபந்தம் இருக்குற ஒரு வாடகைக்காரர்